புடவைப் பெட்டி மேல் ஜெயப்ரியா

குணசுந்தரி ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஐந்து பெண்கள் பிறந்த வீட்டில் நடுப்பெண்ணாக வளர்ந்தவள். அந்த வீட்டில் யாரும் யாரையும் பாராட்டிப் பேசியது கிடையாது. அதனால் பாசம் இல்லை என்று ஆகிவிடாது. காய்ச்சல் வந்தால் அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். தலை வாரும்போது மட்டும், "இந்த மூஞ்சிக்கு ரெட்டை சடை ஒண்ணு கேடு" என்று அலுத்துக்கொள்வாள். இரண்டையும் ஒரே கை செய்ததால், அந்த அலுப்பும் பாசத்தில் ஒரு வகை என்றே குணசுந்தரி எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி உட்கார்ந்து யோசித்தவள் இல்லை.

புருஷன் மாணிக்கவேல் ஆரணியை ஒட்டிய சேவூரில் பட்டு நெய்கிறவர். வீட்டின் முன்னறையை முழுக்கத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. அவர் காலையில் தறிக்குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் மேலே வருவார். அவருக்குக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றித் தார் போட்டுக் கொடுப்பதும், அறுந்த இழையை முடிவதும், வீட்டுச் சமையலும் குணசுந்தரியின் வேலை. எண்பத்தாறில் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். ஜெயப்ரியா என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு குழந்தை இல்லை.

ஜெயப்ரியா அப்பாவின் நிறம், நல்ல கறுப்பு. உயரம் மட்டும் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. எட்டாவது படிக்கும்போது அம்மாவைத் தாண்டினாள், ஒன்பதாவதில் அப்பாவைத் தாண்டினாள். மாணிக்கவேல் அவளை 'ஒட்டடக்குச்சி' என்று கூப்பிடுவார். "ஒட்டடக்குச்சி, அந்தப் பரண் மேல இருக்கிற டப்பாவ எடு" என்பார். பெண் எடுத்துக் கொடுப்பாள். இவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சின்ன வயதில் சத்தமாகச் சிரித்தாள், பிறகு வாயை மட்டும் அசைத்தாள். அந்த வித்தியாசம் அப்போது குணசுந்தரிக்குத் தெரியவில்லை. அவளுடைய கவலையெல்லாம் வேறு பக்கம் இருந்தது. வெயிலில் போகாதே என்பாள். பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்து வைப்பாள். பஜாரில் விற்ற சிவப்பழகு க்ரீமை வாங்கி வந்து, யாருக்கும் தெரியாமல் பெண்ணின் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பாள். அது ஒரு அம்மா செய்கிற நல்ல காரியம் என்றுதான் நினைத்தாள்.

இரண்டாயிரமாவது ஆண்டு, வந்தவாசியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் மாணிக்கவேலின் பெரியம்மா பொன்னியம்மாள், ஜெயப்ரியாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாடி குணா, இவ இப்டியே போய்கினு இருந்தா மாப்பிளைய எங்க போய் தேடுவ?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். குணசுந்தரிக்கு முகம் சூடானது. பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, "நிக்காதடி, குந்து" என்றாள். ஜெயப்ரியா நாற்காலியில் உட்கார்ந்தாள். தோள் இரண்டும் உள்ளே ஒடுங்க, கழுத்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கூன் முதுகைப் பார்க்கப் பார்க்கக் குணசுந்தரிக்கு ஆத்திரம் வந்தது. முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "நிமிந்து குந்துடி. கெழவி மாதிரி இன்னாத்துக்குக் கூன் போடற?" என்றாள்.

ஜெயப்ரியா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "நிக்கவா, குந்தவா? நிமிரவா, குனியவா? எதனா ஒண்ணு சொல்லும்மா."

குணசுந்தரிக்குப் பெண் எதிர்த்துப் பேசுகிறாள் என்று தோன்றியது; அதே நேரம் அவள் கேட்டது நியாயம் என்றும் தோன்றியது. இதில் எதை வைத்துக்கொள்வது என்று ஆரணி வரும்வரை அவளுக்குப் புரியவில்லை.

பத்தாம் வகுப்பு தொடங்கிய பிறகு ஜெயப்ரியா இன்னும் சுருங்கிப்போனாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கோலாட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஜோடி சேரவில்லை என்று டீச்சர் எடுத்துவிட்டார். நாடகத்தில் ராஜா வேஷம் கொடுத்தார்கள். மீசை வைத்துக்கொண்டு நடித்துவிட்டு வந்தாள். அன்று பொழுது சாய்ந்த பிறகு பாத்ரூமில் வெகு நேரம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. மீசை மை போகவில்லை என்று காரணம் சொன்னாள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் கடைசியில் போய் நின்றாள். யாராவது காமிராவை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக் கீழே ஆணியடித்து மாட்டினாள். குனிந்து பார்க்கத்தான் வசதி என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. வேலூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பேசினார். பெண் பிள்ளைகளை வீட்டில் மட்டம் தட்டாதீர்கள், தினமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள், தாழ்வு மனப்பான்மை போய்த் தன்னம்பிக்கை தானாக வளரும் என்றார். குணசுந்தரி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அந்த அம்மாள் தன் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. வரும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை ஜெயப்ரியா சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். குணசுந்தரி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கு ரொம்ப அழகா இருக்கடி" என்றாள். அப்படி ஒரு வாக்கியத்தை அவள் அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. புதுச் செருப்பு காலில் இடறுகிற மாதிரி அது வாயில் இடறியது.

ஜெயப்ரியா சாப்பிடாமல் அம்மாவையே பார்த்தாள். "இன்னா?"

"அழகா இருக்கன்னேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? இருக்க, சொன்னேன்."

அடுத்த நாளும் சொன்னாள். "உன் கண்ணு நல்ல கண்ணு." அதற்கடுத்த நாள், "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குது." நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பெண் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, எனக்கு உடம்புல எதனா இருக்குதா?"

"இன்னாடி உளர்ற?"

"போன மாசம் ரத்தம் டெஸ்ட் எடுத்தாங்க இல்ல, டாக்டர் எதனா சொன்னாரா? சும்மா சொல்லு, நான் அழமாட்டேன். நீ ஏன் இப்டியெல்லாம் பேசிகினு இருக்க?"

குணசுந்தரி சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது. பெண் முதலில் பயந்திருந்தாள். இப்போது கோபம் வந்துவிட்டது. "அப்ப பொய்தானே சொன்ன" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனாள். நல்ல வார்த்தை சொன்னால் தன்னம்பிக்கை வரும் என்றார் அந்த டாக்டரம்மா. இங்கே வந்தது வியாதி பயம். குணசுந்தரி அடுப்படியில் நின்று யோசித்துப் பார்த்தாள். எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாணிக்கவேல் நெய்து கொடுத்தது ஜெயவேல் முதலாளிக்கு. பஜாரில் அவருக்குக் கடை இருந்தது. பட்டுப்புடவை வைத்துக் கொடுக்கிற அட்டைப் பெட்டியின் மேல் பல வருஷமாக ஒரு மயில் படம் இருந்தது. அதை மாற்றி, அவர் கடைப் புடவையைக் கட்டிய ஒரு பெண் படம் போட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. அவருடைய மனைவி சசிகலா ஒருநாள் ஜரிகைக் கலர் காட்ட அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, ஜெயப்ரியா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சசிகலா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குணசுந்தரி, உங்க பொண்ணுக்குப் புடவை கட்டினா எவ்ளோ நல்லா விழும் தெரியுமா? எங்க பெட்டிக்குப் படம் எடுக்கணும், அனுப்புறீங்களா?" என்று கேட்டாள்.

குணசுந்தரிக்குக் கையிலிருந்த தார்க்குச்சி நழுவியது. "அனுப்புறேங்கம்மா" என்று சொன்ன பிறகுதான் பெண்ணைக் கேட்கவில்லை என்று நினைவு வந்தது.

ஜெயப்ரியா முதலில் மாட்டேன் என்றாள். இரண்டு நாள் பேசவே இல்லை. பிறகு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, "எந்தப் புடவை?" என்று கேட்டாள்.

"அரக்குல பச்சை பார்டர். உங்கப்பா நெய்ததுதான்."

"சரி, வரேன்."

கோட்டை மைதானத்துக்குப் போகிற வழியில் இளஞ்செழியன் என்பவர் ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கேதான் படம் எடுத்தார்கள். சசிகலா வந்து புடவை கட்டிவிட்டாள். குணசுந்தரி முந்தானையைச் சரி செய்யப் போனபோது ஜெயப்ரியா தணிந்த குரலில், "அம்மா, நீ வெளிய இரேன்" என்றாள். குணசுந்தரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கதவுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு சிரிப்புச் சத்தம். அது தன் பெண்ணின் சிரிப்பா, சசிகலாவின் சிரிப்பா என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பின் வந்த வாரங்களில் ஜெயப்ரியா கொஞ்சம் கலகலப்பாக இருந்தாள். குணசுந்தரி, படம் எடுக்கிற நாளுக்கு முன்பிருந்தே, தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் காசியம்மாளிடம் இரண்டு முறை சொன்னாள். வந்தவாசிக்குப் போன் போட்டுப் பொன்னியம்மாளிடமும் சொன்னாள். "படம் சிவகாசிக்குப் போயிருக்குது, கலர்ல அடிச்சிகினு வராங்க" என்றாள்.

ஒருநாள் மாணிக்கவேலுக்கு உடம்பு முடியவில்லை. நெய்து முடித்த புடவையை எடுத்துக்கொண்டு குணசுந்தரியே கடைக்குப் போனாள். கடையின் ஓரத்தில் புதுப் பெட்டிகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. ஓடிப்போய் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

அரக்குப் புடவை, பச்சை பார்டர். முந்தானையைப் பிடித்த நீளமான கறுத்த விரல்கள். வளையல். கழுத்தில் அட்டிகை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கழுத்தோடு படம் முடிந்து, அந்த இடத்தில் கடையின் பெயர் தங்க எழுத்தில் போட்டிருந்தது.

குணசுந்தரி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் இருக்குமோ என்று பார்த்தாள். இன்னொரு பெட்டியை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அப்படித்தான். கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. முதலாளி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் புடவையைக் கல்லா மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"தலைய வெட்டிட்டாங்க" என்று மாணிக்கவேலிடம் சொன்னாள். அவர் போர்வைக்குள்ளிருந்து பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தார். விஷயம் புரிந்ததும், "போவட்டும் விடு. புடவைக்குத்தானே படம்?" என்றார்.

"கறுப்பா இருக்கான்னு வெட்டிட்டாங்க. உடம்பு வேணும், மூஞ்சி வேணாமா? எல்லாம் உங்களாலதான். ஒட்டடக்குச்சி ஒட்டடக்குச்சின்னு கூப்ட்டு கூப்ட்டு அவள இப்டி ஆக்கி வெச்சிருக்கீங்க."

மாணிக்கவேல் போர்வையை மடித்து ஓரமாக வைத்தார். "ஆசையாத்தான கூப்ட்டேன்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பேரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் அவருக்குத் தெரியவில்லை. அதனால் பெண்ணைக் கூப்பிடுவதே குறைந்துபோனது. ஒரு வாரம் கழித்து ஜெயப்ரியா அம்மாவிடம் வந்து, "அப்பாவுக்கு என் மேல இன்னா கோவம்?" என்று கேட்டாள். குணசுந்தரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பெட்டி விஷயத்தைப் பெண்ணிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. சிவகாசியில் மழை, அச்சு தள்ளிப்போகிறது என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். அதைச் சொல்லும் வேலை வரவே இல்லை, ஜெயப்ரியா கேட்கவில்லை. கேட்காதது அதைவிடப் பேஜாராக இருந்தது. மறந்துவிட்டாளா? தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் எப்படி இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்?

பொறுக்க முடியாமல் ஒரு காலையில் முதலாளி வீட்டுக்கே போய்விட்டாள். முதலாளி தறி வேலையை நிறுத்தினாலும் நிறுத்தட்டும் என்ற முடிவோடுதான் போனாள். சசிகலா காப்பி கொடுத்தாள். குணசுந்தரி அதைத் தொடவில்லை.

"சின்னப் பொண்ணுங்கம்மா அவ. அவள வரச்சொல்லிப் படம் எடுத்துட்டு, மூஞ்சிய மட்டும் வேணாம்னு எடுத்துட்டீங்க. நல்லா இல்லன்னா மொதல்லியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

சசிகலா புரியாமல் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? மூஞ்சி வேணாம்னு சொன்னது உங்க பொண்ணுதாங்க."

"இன்னாது?"

"அவதான் கேட்டா. எங்க வீட்டுக்காரருக்குக்கூட வருத்தம். முழுப் படமும் எடுத்தோம், அது எவ்ளோ நல்லா வந்துச்சி தெரியுமா? போடக் கூடாதுன்னு ஒரே புடியா நின்னா. உங்ககிட்ட சொல்லிட்டான்னு இல்ல நெனச்சேன்?"

குணசுந்தரி அதை நம்பவில்லை. பெரிய மனுஷர்கள் தப்பிக்கச் சொல்லும் வார்த்தை என்று நினைத்துக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போனாள். இளஞ்செழியன் யாருக்கோ பாஸ்போர்ட் சைஸ் படம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் எழுந்துபோய் உள்ளேயிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார்.

ஜெயப்ரியா நின்றிருந்தாள். கூன் இல்லை. தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு நிறம்தான், அந்த அரக்குப் புடவைக்கு அந்த நிறம்தான் வேண்டும் போல இருந்தது. குணசுந்தரி படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பதினைந்து வருஷமாகச் சோறு போட்ட பெண். இந்த முகத்தை அவள் வீட்டில் பார்த்ததில்லை.

"இத நான் எடுத்துகினு போறேங்க."

"பாப்பா யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குதும்மா" என்றார் இளஞ்செழியன் சங்கடத்தோடு. "நீங்க கேட்டுட்டு வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, வார்த்தை குடுத்துட்டேன்."

அவள் பெற்ற பெண்ணின் படத்தை அவளுக்கே கொடுக்க மாட்டேன் என்கிறார். சண்டை போட்டிருக்கலாம். ஏனோ தோன்றவில்லை. படத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ஜெயப்ரியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் குணசுந்தரி கேட்டுவிட்டாள். "பெட்டிய பாத்தியாடி?"

"பாத்தேனே. போன வாரமே பாத்தேன். முனியம்மா மிஸ் அவங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தாங்க, கிளாசுக்கு எடுத்துகினு வந்தாங்க."

"நீதான் மூஞ்சி வேணாம்னியாமே. ஏன்?"

ஜெயப்ரியா பையை வைத்துவிட்டுச் சடையைப் பிரித்தாள். "மூஞ்சி இருந்தா எல்லாரும் மூஞ்சியத்தான் பாப்பாங்க. கறுப்பு, செவப்பு, பல்லு எடுப்புன்னு பேசிகினே இருப்பாங்க. அப்பா புடவைய யாரு பாப்பாங்க?"

"அதுக்காகவா?"

"அதுக்காகவும்தான்."

"வேற எதுக்கு?"

பெண் ரிப்பனைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். "படம் எடுக்கறதுக்கு முன்னாடியே நீ தெருவெல்லாம் சொல்லிட்ட. வந்தவாசி வரைக்கும் சொல்லிட்ட. அந்தப் படம் வந்தா நீ அத எடுத்துகினு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் காட்டுவ. அவங்க நல்லா இருக்குதுன்னு சொன்னாத்தான் உனக்கு நான் நல்லா இருப்பேன். சொல்லலன்னா அன்னிக்கு ராத்திரி என் தலமாட்டுல மறுபடி ஒரு க்ரீம் இருக்கும்."

குணசுந்தரி சீப்பைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு, "அந்தப் படத்துல நீ நல்லா இருக்கடி. நெஜமா சொல்றேன்" என்றாள்.

"தெரியும்" என்றாள் ஜெயப்ரியா.

அவள் அதைக் கர்வமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பானையில் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். குணசுந்தரிக்கு அதுதான் கடைசிவரை விளங்கவில்லை. தான் நன்றாக இருப்பது தெரிந்த பெண் எதற்காக முகத்தை மறைக்க வேண்டும்? முகத்தை மறைக்கிற பெண் எப்படித் தெரியும் என்று சொல்வாள்? தாழ்வு மனப்பான்மை என்று டாக்டரம்மா சொன்னது இதுவா, இல்லை அதற்கு நேர் எதிரானதா?

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பெட்டியில் இருப்பது யார் என்று வகுப்பில் தெரிந்துபோய், சில பெண்கள் ஜெயப்ரியாவை 'முண்டம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் தறிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். குணசுந்தரி ஓடிப்போய் முன்னால் நின்றாள். அழகு என்று சொல்வதா? அவர்களைத் திட்டுவதா? பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்பதா? எதைச் சொன்னாலும் கெட்டுப்போகிறது என்று தெரிந்ததால் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்ற ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தறிக்குழியிலிருந்து மாணிக்கவேல், "ஒட்டடக்குச்சி, தண்ணி கொண்டாம்மா" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு, மறதியாக வாயில் வந்துவிட்டது. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜெயப்ரியா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "எவ்ளோ நாளாச்சி இப்டிக் கூப்ட்டு" என்று சொல்லிச் சிரித்தாள்.

புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரால்தான் பெண் கெட்டாள் என்று குணசுந்தரி அவ்வளவு சண்டை போட்டிருந்தாள்.

அதன் பிறகு அவளை இந்த அம்மா வளர்த்தாள் என்று சொல்வதைவிட, பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லலாம். க்ரீம் வாங்குவதை நிறுத்தினாள். ஒரு வருஷம் கழித்து ஜெயப்ரியா தானே ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். காரணம் கேட்டால், வாசனை பிடித்திருக்கிறது என்றாள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, ஆரணியிலேயே பி.காம். முடித்து, ராணிப்பேட்டையில் ஒரு செருப்புக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். முதுகு எப்போது நிமிர்ந்தது என்று குணசுந்தரியால் குறிப்பாகச் சொல்ல முடியாது. ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது பார்த்தால் நிமிர்ந்துதான் இருந்தது. சில நாள் கூன் போட்டபடியும் வந்தாள்.

முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் செய்யாற்றுக்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா, "உயரம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று இழுத்தாள். காப்பித் தட்டோடு நின்றிருந்த ஜெயப்ரியா, "கொறைக்க முடியாதுங்களே" என்றாள், முகத்தில் சிரிப்போடு. அந்த இடம் தட்டிப்போனது. குணசுந்தரி அவர்கள் போன பிறகு பெண்ணைத் திட்டினாள். திட்டும்போதே உள்ளுக்குள் சிரிப்பு வந்தது; சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அடுத்த வருஷம் கிரண் என்கிற பையன் வந்தான். அவளைவிட ஒரு விரல்கடை குள்ளம். அவன் வீட்டில் யாரும் உயரம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இரண்டாயிரத்து எட்டில் கல்யாணம் முடிந்தது.

அதற்கு அடுத்த வருஷம், ஒரு மத்தியான வேளையில் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் வந்து குணசுந்தரியின் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய கடைசிப் பெண் ஸ்வர்ணலதா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பெண் யாரோடும் பேசுவதில்லை, கண்ணாடியைப் பார்த்தால் அழுகிறாள், சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"உன் பொண்ணு எவ்ளோ தைரியமா இருக்குது. மாப்பிள வீட்டுக்காரங்க எதிர்லயே பேசிச்சே, தெருவே சொல்லிகினு இருந்துச்சி. எப்டிக்கா வளத்த? எனக்கும் சொல்லேன்."

குணசுந்தரி தார்க்குச்சியைக் கீழே வைத்தாள். சொல்ல வேண்டும் என்று மனதார நினைத்தாள். "அழகா இருக்கன்னு சொல்லிப் பாரு" என்று ஆரம்பித்தாள். உடனே, "வேணாம், சொல்லாத. பயந்துடப் போவுது" என்றாள்.

"இன்னாக்கா?"

"பட்டப்பேரு வெச்சிக் கூப்டாத. கூப்டாமயும் இருக்காத. அழுதா பக்கத்துல குந்திக்க, ஆனா ஒண்ணும் கேக்காத. கேக்காம இருந்தா அதுக்கும் கோவிச்சிக்கும்..." பேசப் பேசக் காசியம்மாளின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"எனக்குத் தெரியலயே காசி" என்றாள் குணசுந்தரி. "நெஜமா எனக்குத் தெரியல. சோறு போட்டேன். தப்புத் தப்பாத்தான் எல்லாம் செஞ்சேன். அது பாட்டுக்கு அது வளந்துச்சி."

காசியம்மாள் எழுந்துகொண்டாள். "சொல்ல இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. அதுக்கு ஏன் இப்டி சுத்தி வளச்சி பேசற?" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வாசலைத் தாண்டிப் போனாள்.

குணசுந்தரி பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள். "காசி, இரு, கோச்சிக்காத. பொண்ண இங்க அனுப்பேன், சும்மா வந்து குந்திகினு இருக்கட்டும்" என்று கூப்பிட்டாள். அனுப்பினால் அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. காசியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் ஸ்வர்ணலதா வந்தாள். வாசல்படியில் தலை குனிந்தபடி நின்று, "பெரிம்மா, அம்மா போவச் சொன்னாங்க. இன்னா செய்யணும்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் குணசுந்தரி. "உள்ள வா."